பதினான்கு லேப்டாப்பும் ஒரு குண்டான் மாவும்

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. மியூனிக்கில் எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கிற வாடகைக் கட்டடத்தில் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை. பிள்ளைகள் எல்லாரும் ஜாக்கெட்டோடு உட்கார்ந்து ல, ள, ழ படித்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னறையில் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா வாசலில் வந்து நின்றார்.

"ஒரு சின்ன சந்தேகங்க. இங்க இருக்கிற லேப்டாப்ல பையன் அவனோட ஸ்கூல் கணக்கைத் திறந்திருக்கான் போல. பாஸ்வேர்டெல்லாம் போட்டிருக்கான். பாதுகாப்புதானே?"

"பாதுகாப்புதாங்க" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். வார்த்தை வரவில்லை. ஏன்னா, ஐந்து நிமிடம் முன்னாடிதான் பிரிண்டருக்கான மென்பொருளை இறக்கப் போய், சர்வரே கிடைக்கவில்லை என்ற செய்தியைப் பார்த்திருந்தேன். கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று தேடினால், ஆகஸ்ட். நாலு மாசமா அந்த லேப்டாப்களுக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட வரவில்லை. வரவில்லை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இத்தனைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸில் மாஸ்டர்ஸ் முடித்து, இதே தொழிலில் சம்பளம் வாங்குகிறவள் நான்.

இந்த மாதப் பத்தி அந்தத் தப்பைப் பற்றியும், அதைத் திருத்த எடுத்த முடிவைப் பற்றியும். கொஞ்சம் டெக்னிகலாகப் போகும். ஆனால் உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியிலும் யாராவது ஒருத்தர் பழைய லேப்டாப்களோடு போராடிக்கொண்டிருப்பார். அவருக்காவது அனுப்பி வையுங்கள்.

முதலில் அந்த லேப்டாப்கள் வந்த கதை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று முன்கூட்டியே தெரிந்ததால், அந்த வருஷ ஆரம்பத்திலேயே நிறைய அலுவலகங்கள் பழைய லேப்டாப்களைத் தள்ளிவிட ஆரம்பித்தன. எங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவர் மூலமாகப் பன்னிரண்டு லேப்டாப் வந்தது. விண்டோஸ் 11 ஏறாது. மற்றபடி நல்ல உடம்பு, 4 ஜிபி நினைவகம். இன்னும் இரண்டு, யாரோ பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த குட்டி நெட்புக்குகள். மொத்தம் பதினாலு.

எனக்கு ஒரே குஷி. இதில் லினக்ஸ் போட்டு, தமிழ் விசைப்பலகை, எழுத்துருக்கள், பிள்ளைகளுக்கான விளையாட்டுகள் எல்லாம் சேர்த்து, நம்ம பள்ளிக்கென்றே ஒரு இயங்குதளம் செய்துவிடலாம் என்று கிளம்பினேன். பெயர் வைக்கப் பிள்ளைகளிடம் வாக்கெடுப்பு நடத்தினோம். "தோசை" ஜெயித்தது. என் மகள் பிரச்சாரமே பண்ணினாள்.

ஒரு இயங்குதளத்தை யாரும் ஒன்றுமில்லாததிலிருந்து செய்வதில்லை. லினக்ஸ் என்று நாம் சொல்வது உண்மையில் நடுவில் இருக்கிற கெர்னல் மட்டும்தான். அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று சண்டை போடாமல் பார்த்து, ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்து அனுப்புகிறவர்கள் உருவாக்குவதுதான் வழங்கல். டிஸ்ட்ரோ என்றால் எல்லாருக்கும் புரியும். ஏற்கெனவே இருக்கிற ஒரு டிஸ்ட்ரோவை அடித்தளமாக எடுத்து, அதன்மேல் நமக்கு வேண்டியதைச் செய்துகொள்வதுதான் வழக்கம். நம்ம வீட்டு மாவு மாதிரி. ஒரு குண்டான் மாவு இருந்தால் இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் எது வேண்டுமானாலும் வரும். உபுண்டு வந்தது டெபியனிலிருந்து, மின்ட் வந்தது உபுண்டுவிலிருந்து. சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் மாவுதான்.

ஆக, முதல் கேள்வி: எந்த மாவு?

போன வருஷம் நான் இந்தக் கேள்விக்கு யோசித்தது மொத்தம் ஒரு ராத்திரி. பார்க்க அழகாக இருந்த, பழைய மெஷினில் பறந்த ஒரு சின்ன டிஸ்ட்ரோவைப் பிடித்துக்கொண்டேன். பெயர் வேண்டாம். ஒருத்தர், தன் ஓய்வு நேரத்தில், ஆசையாகச் செய்தது. நல்ல வேலை. எல்லாப் பொதிகளையும் தானே தொகுத்து, தன் சர்வரிலிருந்தே கொடுத்தார். அதன்மேல் நான் நாற்பத்தொரு மாற்றம் செய்தேன். ஐகான், மெனு, லாகின் திரையில் கோலம், ஷட்டவுன் பண்ணும்போது "போய் வாங்க" என்று ஒரு வரி.

ஆகஸ்டில் அவர் நிறுத்திவிட்டார். என்ன காரணமோ. வேலை மாறியிருக்கலாம், குழந்தை பிறந்திருக்கலாம். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. காசு வாங்காமல் செய்தவரை யார் கேட்பது? பவேரியாவில் ஆகஸ்ட் முழுக்கக் கோடை விடுமுறை. லேப்டாப்கள் அலமாரியில் தூங்கின. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது எல்லாம் வழக்கம்போல ஓடியது. பிரவுசர் திறந்தது, தமிழ் அடித்தது. பாதுகாப்புத் திருத்தம் வராமல் போவதில் இருக்கிற ஆபத்தே இதுதான். ஒன்றும் உடையாது. எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரியே தெரியும்.

அந்த அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். "இல்லைங்க, இப்போதைக்குப் பாதுகாப்புன்னு என்னால சொல்ல முடியாது. வீட்டுக்குப் போனதும் பாஸ்வேர்டை மாத்தச் சொல்லுங்க." அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரிங்க, சொன்னதுக்கு நன்றி" என்று போய்விட்டார். பதினாலு லேப்டாப்பின் வைஃபையையும் அன்றே அணைத்தேன்.

எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, இதுவும் படுத்திட்டுதோ?"

"ஆமா டீச்சர். முழுசா மாத்தணும்."

"அப்ப பிள்ளையளின்ர பொங்கல் கடிதம் என்ன செய்யிறது?"

பொங்கலுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஊரில் இருக்கிற தாத்தா பாட்டிக்குத் தானே தட்டச்சு செய்து, அச்சடித்து, தபாலில் அனுப்புவதாக ஏற்பாடு. ஐந்து வாரம் இருந்தது. நான் கேள்வியை இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன். எது அழகு, எது வேகம் என்றில்லை. நான் நாளைக்கே இந்த ஊரை விட்டுப் போய்விட்டால், யாரும் தொடாமல் இருந்தாலும், இந்த லேப்டாப்களுக்கு அப்டேட் வருமா?

இப்படிக் கேட்டதும் நிறைய விஷயம் தானாக விலகியது. அடித்தளத்தை நடத்துகிறவர் ஒருத்தரா, ஒரு கம்பெனியா, ஒரு சமூகமா என்பதுதான் முதல் வடிகட்டல்.

ஒருத்தர் என்றால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். கம்பெனி என்றால்? கம்பெனி நடத்துவது தப்பில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் நேரத்துக்கு வேலை செய்வார்கள். ஆனால் கம்பெனியின் கணக்கு மாறும்போது நம் கணக்கும் மாறும். சென்ட்ஓஎஸ் கதை தெரிந்திருக்கும். ரெட் ஹாட்டின் காசு கொடுத்து வாங்கும் லினக்ஸை அதன் மூலநிரலிலிருந்து அப்படியே மறுபடி தொகுத்து இலவசமாகக் கொடுத்தது சென்ட்ஓஎஸ். உலகம் முழுக்க சர்வர்களில் ஓடியது. 2014-இல் ரெட் ஹாட்டே அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று இருந்ததை, 2020 டிசம்பர் 8 அன்று, 2021 கடைசியோடு முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். ஏழு வருஷத்துக்கும் மேல் ஒரே அறிவிப்பில் போச்சு. அந்த இடத்தை நிரப்ப ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்று இரண்டு வந்தன. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் மூலநிரலைப் பொதுவில் வைப்பதையும் சுருக்கியபோது, அந்த இரண்டும் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. அல்மா, இனி வரிக்கு வரி அதே நகலாக இருப்பதை விட்டுவிட்டு, மென்பொருள்கள் ஒத்து ஓடினால் போதும் என்று இலக்கையே மாற்றிக்கொண்டது. அடித்தளம் அசைந்தால் மேலே இருக்கிற வீடு என்ன பண்ணும்?

நாங்கள் இருக்கிற ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. மியூனிக் மாநகராட்சி 2003-இல் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற வாக்களித்தது. (வாக்கெடுப்புக்கு முன் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு மேயரைப் பார்க்க ஓடி வந்தார் என்பது அந்தக் காலத்துச் செய்தி.) லிமக்ஸ் என்று பெயர். 2013-இல் மாற்றம் முடிந்தபோது ஏறத்தாழ 15,000 கணினிகள். 2017-இல் மன்றம் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அந்த அரசியலை இன்னொரு நாள் பேசுவோம். எனக்குச் சுவாரசியம் வேறு: லிமக்ஸ் நடுவழியில் மாவை மாற்றியது. டெபியனில் ஆரம்பித்து, பிறகு உபுண்டுவுக்குப் போனார்கள். அந்தக் காலத்து டெபியனில் அடுத்த வெளியீடு எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. 2002 ஜூலையில் 3.0 வந்தது, அடுத்தது 2005 ஜூனில்தான். உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று என்று நாள் குறித்து வந்தது. ஆயிரக்கணக்கான மெஷின்களுக்குத் திட்டம் போடுகிறவருக்கு அந்தத் தேதி பெரிய விஷயம்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்லணும், இல்லாவிட்டால் நியாயமாகாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு நச்சரிக்கிற ஸ்டீம் டெக் இருக்கிறதே, அதில் ஓடுவதும் லினக்ஸ்தான். வால்வ் கம்பெனி 2013-இல் ஸ்டீம்ஓஎஸ்ஸை டெபியன்மேல் கட்டியது. 2022-இல் ஸ்டீம் டெக் வந்தபோது ஆர்ச் லினக்ஸுக்கு மாறிவிட்டது. புது கிராஃபிக்ஸ் மென்பொருளை அடிக்கடி, வேகமாகக் கொண்டுவர வேண்டிய தேவை அவர்களுக்கு. அதற்குத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே போகும் ஆர்ச் சரி. அதைச் சோதித்துப் பார்க்க சம்பளத்துக்கு ஆட்களும் இருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது சனிக்கிழமை இரண்டு மணி நேரமும் நானும்.

அதனால் ஆர்ச்சை உடனே விலக்கினேன். ஆறு வாரம் அலமாரியில் பூட்டி வைக்கப்போகிற மெஷினுக்கு, இடைவிடாமல் புதுப்பித்தால்தான் நிம்மதி என்கிற டிஸ்ட்ரோ ஆகாது. ஃபெடோராவும் வேண்டாம். என் சொந்த லேப்டாப்பில் அதுதான் ஓடுகிறது, ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பதின்மூன்று மாதம் போலத்தான் ஆயுள். வருஷா வருஷம் பதினாலு லேப்டாப்புக்கும் பெரிய மேம்படுத்தல் செய்ய என்னால் முடியாது.

மிச்சம் இருந்தவை டெபியனும் உபுண்டுவும். இங்கேதான் உண்மையாகவே இரண்டு வாரம் முழித்தேன்.

உபுண்டுவின் நீண்டகால வெளியீடு இரண்டு வருஷத்துக்கு ஒன்று, ஐந்து வருஷ ஆதரவு. அப்போது கையில் இருந்தது 24.04. கேள்வி கேட்டால் பதில் எங்கும் கிடைக்கும், எந்தப் பெற்றோரும் பெயரைக் கேட்டிருப்பார். தடுத்தது இரண்டு. ஒன்று ஸ்னாப். இப்போது உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. அந்த ஸ்னாப் கடையை கனோனிகல் மட்டுமே நடத்துகிறது, நாம் ஒரு நகல் வைத்து நடத்த முடியாது. 4 ஜிபி மெஷினில் அது மெதுவாகத் திறந்ததும் எனக்கு உறுத்தியது. 2020-இல் மின்ட் இதே காரணத்துக்காக ஸ்னாப் தானாக உள்ளே வருவதைத் தடுத்துவிட்டது. இரண்டாவது, அதே மின்ட் சொல்லித்தந்த பாடம். அவர்கள் உபுண்டுமேல் கட்டுகிறார்கள். கூடவே டெபியன்மேல் நேரடியாகக் கட்டிய இன்னொரு பதிப்பையும் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் உபுண்டு இல்லாமல் போனாலும் தாங்கள் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது என்று அவர்களே சொல்கிறார்கள். அத்தனை பேர் இருக்கிறவர்களே மாற்று ஏற்பாடு வைத்திருக்கும்போது, நான் நேராக அந்த மாற்று ஏற்பாட்டிலேயே ஆரம்பித்தால் என்ன?

டெபியன்மேல் எனக்கு இருந்த பழைய பயம் வைஃபை. மாஸ்டர்ஸ் படிக்கிற காலத்தில் டெபியன் நிறுவினால் முதலில் வைஃபை சாகும். வன்பொருளுக்கான மூடிய ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி, பென்டிரைவில் போட்டுக் கொண்டுவர வேண்டும். சுதந்திர மென்பொருள் கொள்கைக்காக அப்படி வைத்திருந்தார்கள். 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். டெபியன் 12-இலிருந்து நிறுவியிலேயே ஃபர்ம்வேர் வருகிறது. எங்கள் பன்னிரண்டு லேப்டாப்பிலும் வைஃபை முதல் தடவையே பிடித்தது. தேதி விஷயமும் மாறிவிட்டது. இப்போதெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்று ஓரளவு ஒழுங்காக வருகிறது: 12 வந்தது 2023 ஜூன், 13 வந்தது 2025 ஆகஸ்ட். ஐந்து வருஷ ஆதரவு. ஆக 2030 வரை மூச்சு விடலாம்.

அதைவிட என்னைச் சாய்த்தது வேறு. டெபியனுக்கு முதலாளி கிடையாது. 1993 ஆகஸ்ட் 16-இல் ஆரம்பித்தவர் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர். தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்ததுதான் டெபியன். அவர் 1996-லேயே தலைமையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். 2015-இல் இறந்தும் போனார். டெபியன் நிற்கவில்லை. வருஷா வருஷம் தேர்தல் வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆரம்பித்த ஆள் போன பிறகும் முப்பது வருஷமாக ஒரு விஷயம் நடக்கிறது என்றால், என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பிடித்த காரணம் இன்னொன்று. டெபியன் வெளியீடுகளுக்கு டாய் ஸ்டோரி பாத்திரங்களின் பெயர்கள்தான். 13-இன் பெயர் டிரிக்ஸி, அந்த நீலநிற டைனோசர். இன்னும் சோதிக்கப்படாத பொதிகள் இருக்கிற பகுதிக்கு சிட் என்று பெயர், பொம்மைகளை உடைக்கிற பக்கத்து வீட்டுப் பையன். என் மகள் ஐந்து நிமிடம் சிரித்தாள்.

மாவைத் தேர்ந்தெடுத்தாச்சு. அடுத்து, அதில் எவ்வளவு கை வைப்பது? அடித்தளம் எது என்பதைப் பற்றித்தான் எல்லாரும் சண்டை போடுவார்கள். என் அனுபவத்தில் பாதி வெற்றி இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

வழித்தோன்றல்களில் இரண்டு வகை. உபுண்டு, டெபியனின் பொதிகளை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் தானே மறுபடி தொகுத்து, தன் சர்வரில் வைக்கிறது. அதற்குப் பெரிய குழு வேண்டும். மின்ட், பெரும்பாலான பொதிகளை உபுண்டுவின் சர்வரிலிருந்தே நேராக வரவிட்டு, தன்னுடையதை மட்டும் தனியாக ஒரு சின்னக் களஞ்சியத்தில் வைக்கிறது. நான் போன வருஷம் பிடித்த டிஸ்ட்ரோ, ஒரே ஆள் முதல் வகை வேலையைச் செய்தது. அங்கேதான் விழுந்தேன். அவர் இரண்டாம் வகையாகச் செய்திருந்தால், அவர் நிறுத்திய பிறகும் திருத்தங்கள் மேலேயிருந்து வந்துகொண்டே இருந்திருக்கும்.

அதனால் புது தோசையில் எல்லாமே டெபியனின் சர்வரிலிருந்து வருகிறது. நான் சேர்ப்பது ஆறே ஆறு விஷயம். தேவையான மென்பொருள்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் சுமக்கிற ஒரு வெற்றுப் பொதி. தானாகப் பாதுகாப்புத் திருத்தம் போடும் அமைப்பு. பிரிண்டர். மூடும்போது பிரவுசரில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கிற விருந்தினர் கணக்கு. அந்த அப்பாவின் கேள்விக்கு என் பதில் அதுதான். பெயரும் படமும். பிறகு விசைப்பலகை. கோலம் போச்சு, "போய் வாங்க" போச்சு. கோலத்தை நினைத்தால் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்த நாற்பத்தொரு மாற்றத்தையும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நான்தான் தூக்கிச் சுமக்கணும், இல்லையா?

இந்த முறை எல்லாவற்றையும் கையால் செய்யவில்லை. டெபியனிலேயே லைவ்-பில்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. எந்தப் பொதிகள் வேண்டும், எந்தக் கோப்பு எங்கே போகணும் என்று சாதாரண எழுத்துக் கோப்புகளில் எழுதி வைத்தால், அது டெபியனிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, பென்டிரைவில் போடத் தயாரான ஐஎஸ்ஓவாகக் கொடுக்கும். தோசை என்பது இப்போது அந்தச் சமையல் குறிப்பு மட்டும்தான்.

விசைப்பலகையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லணும், ஏன்னா டெபியனே செய்து தராத ஒரே வேலை எங்களுக்கு இதுதான். எழுத்துரு, தமிழ் மெனு எல்லாவற்றுக்கும் ஆயத்தப் பொதி உண்டு. தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு, இலங்கையின் ரெங்கநாதன் அமைப்பு எல்லாம் ஐபஸ் வழியாகக் கிடைக்கிறது. டீச்சருக்கு ரெங்கநாதன், பிள்ளைகளுக்குத் தமிழ்99. அம்மா என்று அடிக்க நாலே விசை. ம-வை இரண்டு தடவை அடித்தால் முதல் ம-வுக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். ஆனால் அதை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது அமெரிக்க விசைப்பலகை. இங்கே ஜெர்மன் விசைப்பலகை. ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும். ச, ந, ய வர வேண்டிய இடங்களில் யூ, ஓ, ஏ மேல் இரண்டு புள்ளி வைத்த மூன்று ஜெர்மன் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். எழுத்தைப் பார்க்காமல் விசையின் இடத்தைப் பார்க்கும்படி ஒரு சின்ன அமைப்பு எழுதினேன். இப்போது "ஓ மேல ரெண்டு புள்ளின்னா ந" என்று பிள்ளைகள் பாட்டாகவே பாடுகிறார்கள். கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. பிரான்ஸில் இருப்பவர்கள் என்னைவிட அதிகம் கஷ்டப்படுவீர்கள், அங்கே ஏயும் கியூவுமே இடம் மாறி இருக்கும்.

சின்ன விஷயங்கள் இரண்டு. படியெடுத்து வெளியில் கொடுப்பதாக இருந்தால் டெபியன் என்ற பெயரில் கொடுக்காதீர்கள். வேறு பெயர் வையுங்கள், டெபியன்மேல் கட்டியது என்று சொல்லுங்கள். ஜிபிஎல் உரிமத்தில் உள்ளவற்றுக்கு மூலநிரல் கிடைக்கவும் வழி சொல்ல வேண்டும். இன்னொன்று, பதினாலு லேப்டாப்பும் ஒரே நேரத்தில் அப்டேட் இழுத்தால் வாடகைக் கட்டடத்து வைஃபை மூச்சு முட்டும். ஒரு லேப்டாப்பில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டோம். அது ஒரு தடவை இறக்கியதை மற்றவை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரே ஒரு பழைய லேப்டாப்புக்காக யாரும் வழித்தோன்றல் கட்டக் கிளம்ப வேண்டாம். மின்ட்டைப் போடுங்கள், தமிழ் உள்ளீட்டைச் சேருங்கள், அரை நாள் வேலை. பத்துக்கு மேல் மெஷின், அடிக்கடி பிள்ளைகள் கலைத்துவிடுகிறார்கள், மறுபடி மறுபடி அதேபோல நிறுவ வேண்டும் என்றால் மட்டும் இந்தப் பாடு.

பொங்கல் கடிதங்கள் ஒரு வாரம் பிந்திப் போயின. என் மகள் திருச்சிக்கு எழுதியதில் "அம்மா தோசையை இரண்டு தடவை சுட்டார்" என்று ஒரு வரி. என் அம்மா ஃபோனில் கேட்டார், ஏன் முதல் தோசை பிய்ந்து போச்சா என்று.

பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல், இரண்டு சனிக்கிழமை போக முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு லேப்டாப்பின் டிஸ்க் போய்விட்டது. டிசம்பரில் கேள்வி கேட்ட அந்த அப்பாதான், எலெக்ட்ரீஷியன் அவர், நான் தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து, தன் வீட்டுக் கணினியில் தோசையைக் கட்டி, புது டிஸ்க்கில் ஏற்றியிருக்கிறார். ராத்திரி பதினொன்றரைக்குச் செய்தி: "வந்துருச்சுங்க. ஆனா நாலாவது படியில நீங்க ஒரு கட்டளையை விட்டுட்டீங்க. சேர்த்துட்டேன்."

நெட்புக்குகள் இரண்டும்தான் பாக்கி. அவை 32 பிட். டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கு நிறுவியே கிடையாது. தூக்கிப் போடலாம் என்றேன், டீச்சர் விடவில்லை. சின்னப் பிள்ளைகளின் கைக்கு அதுதான் அடக்கமாம். டெபியன் 12 போட்டு, எழுதிப் பழக மட்டும் வைத்திருக்கிறோம். அதன் நீண்டகால ஆதரவு முடிகிற நாளைக் கேட்டு, வெள்ளை டேப்பில் எழுதி இரண்டு மூடியிலும் டீச்சரே ஒட்டிவிட்டார்: "2028 ஜூன்."